பாட்காஸ்ட் கேட்டாச்சு, பேசுவது எங்கே?

எங்கள் குழுவில் போன மாதம் நடந்த சண்டைக்கு ஒரே ஒரு நிமிடம்தான் காரணம். 32வது நிமிடம். பெங்களூரின் பழைய தமிழ்ப் பகுதிகளைப் பற்றிய ஒரு எபிசோடு, ஒன்றரை மணி நேரம் ஓடும், எல்லோருக்கும் பிடித்திருந்தது. "32வது நிமிஷத்துல அவர் சொல்றது தப்பு" என்று குழுவிலேயே மூத்தவரான சார் ஒரு வரி போட்டார். நான் யூடியூபில் போய் அந்த இடத்தைத் தட்டினால் விருந்தினர் சிவாஜிநகர் பிரியாணியைச் சிலாகித்துக்கொண்டிருக்கிறார், இதில் என்ன தப்பு கண்டார் என்று புரியவில்லை. இன்னொருவர் ஆடியோ ஆப்பில் போய்ப் பார்த்தால் அதே நிமிடத்தில் வீட்டுக் கடன் விளம்பரம். "விளம்பரத்துல என்ன சார் தப்பு?" என்று அவர் கேட்டுவைக்க, சார் கோபித்துக்கொள்ள, நாற்பது மெசேஜ் ஓடிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மூன்று பேரும் ஒரே எபிசோடை மூன்று வேறு இடங்களில் கேட்டிருக்கிறோம், மூன்றிலும் கடிகாரம் வேறு.

சார் சொல்ல வந்தது நியாயமான விஷயம். அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலை பத்து வருஷம் மூடிக் கிடந்தது என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்கள். 1991இல் திறந்திருக்க வேண்டிய சிலை, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. பதினெட்டு வருஷம். கருணாநிதியும் எடியூரப்பாவும் சேர்ந்து நின்ற விழா, அதற்கு ஈடாகச் சில நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறந்தார்கள். மூடிக் கிடந்த அத்தனை வருஷமும் அந்த வழியாகவே டியூட்டிக்குப் போய் வந்தவர் சார், அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்.

அன்றைக்கு ராத்திரியே முடிவாகிவிட்டது, பேசுவதற்கு வேறு ஒழுங்கான இடம் வேண்டும். நாங்கள் 34 பேர். 2021 மே மாதம், குரலில் மட்டும் கூடிப் பேசுகிற கிளப்ஹவுஸ் ஆப் ஆண்ட்ராய்டுக்கு வந்ததும் ஊரே அதற்குள் புகுந்து விடியவிடியப் பேசியதே, அந்தக் காலத்தில் பெங்களூர்த் தமிழர் அறை ஒன்றில் அறிமுகமானவர்கள். அந்த ஜோர் அடங்கிப் போனதும் வாட்ஸ்அப்பில் மிஞ்சியவர்கள் நாங்கள். கடைக்குட்டிக்கு 23 வயது, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. சாருக்கு 68. "நீதான் எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பியே, பார்த்துச் சொல்லு" என்று வேலையை என் தலையில் கட்டினார்கள். ஆறு வாரம் ஒவ்வொன்றாக வைத்து ஓட்டிப் பார்த்தேன். இதே தலைவலி உள்ள வேறு குழுக்களுக்கும் ஆகுமே என்று எழுதிவைக்கிறேன்.

எந்த ஆப் என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது, அதை நாங்கள் நாலு வருஷம் கேட்டுக்கொள்ளவே இல்லை. யாரிடம் பேசப் போகிறோம்? நிகழ்ச்சி நடத்துகிறவரிடமா, நமக்குள்ளேயா? சார் போட்ட அந்த ஒரு வரி நடத்துகிறவருக்குப் போயிருக்க வேண்டியது, எங்களிடம் வந்து சண்டையானது. யூடியூப் கமெண்டில் போய் "என் மச்சானும் இதைத்தான் போன வாரம் சொன்னான்" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அது மச்சானுக்கே போயிருக்க வேண்டியது. இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது என்பது என் கட்சி.

கொஞ்சம் பழைய கதை. பாட்காஸ்ட் என்ற பெயரே 2004இல் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகைக் கட்டுரையில் போகிறபோக்கில் விழுந்தது, அடுத்த வருஷமே ஆப்பிள் அதை ஐட்யூன்ஸுக்குள் சேர்த்துக்கொண்டது. தமிழில் வலையொலி என்று அழகான சொல் இருக்கிறது, ஆனால் நான் உட்பட எல்லோரும் பாட்காஸ்ட் என்றுதான் சொல்கிறோம். அது வந்து சேர்ந்த விதம் ஓடை மாதிரி. ஒலிக்கோப்பு எங்கோ ஒரு சர்வரில் இருக்கும், அவரவர் தமக்குப் பிடித்த ஆப்பில் இறக்கிக் கேட்பார்கள். ஆயிரம் பேர் கேட்டாலும் ஒருவரை ஒருவர் பார்க்க வழியே கிடையாது, கேட்டு முடித்ததும் வாயைத் திறக்க ஓர் இடமும் கிடையாது. யூடியூபில் அந்த இடம் வீடியோவுக்குக் கீழேயே இருந்தது. அதனால்தான் இரண்டு பேர் மைக் முன்னால் உட்கார்ந்து பேசுவதை, பார்க்க ஒன்றுமே இல்லாவிட்டாலும், எல்லோரும் வீடியோவாகப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். கூகுளும் தன் பாட்காஸ்ட்ஸ் ஆப்பை 2024இல் மூடிவிட்டு எல்லோரையும் யூடியூப் மியூசிக் பக்கம் அனுப்பியது. மாதத்துக்கு 100 கோடிப் பேர் தன்னிடம் பாட்காஸ்ட் பார்க்கிறார்கள் என்று 2025 தொடக்கத்தில் யூடியூப் அறிவித்தது. ஆக, பேச்சும் அங்கேதான் போகும்.

சரி, அப்படியானால் யூடியூப் கமெண்டிலேயே பேசிக்கொள்ளலாமே? முதல் இரண்டு வாரம் அதைத்தான் செய்து பார்த்தோம்.

கமெண்டின் பெரிய பலம் நிமிடக் கணக்கு. 32:10 என்று எழுதினால் போதும், அது நீலமாகிவிடும், யார் தட்டினாலும் வீடியோ அந்த நொடிக்கே போய் நிற்கும். யூடியூபில் விளம்பரம் நடுவில் வந்தாலும் வீடியோவின் கடிகாரம் அப்போது ஓடாது, அதனால் எனக்கு 32:10 என்றால் தார்வாடில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே 32:10. ஆடியோ ஆப்பில் நிலைமை தலைகீழ். பல நிகழ்ச்சிகளில் விளம்பரத்தை நாம் கேட்கிற சமயத்தில்தான் கோப்புக்குள் செருகுகிறார்கள், ஊரைப் பொறுத்து, தேதியைப் பொறுத்து அதன் நீளம் மாறும். எனக்கு முப்பது நொடி, உங்களுக்கு இரண்டு நிமிடம். பேச்சு அந்த அளவுக்குத் தள்ளிப் போய்விடும். எங்கள் சண்டையின் வேர் இங்கேதான் இருந்தது. ஒரு எச்சரிக்கை, யூடியூபிலும் வெளியிட்ட பிறகு நடத்துகிறவர் நடுவில் ஒரு துண்டை வெட்டி எறிந்துவிட்டால் பழைய கமெண்டுகளில் உள்ள நிமிடமெல்லாம் தப்பாகிவிடும். அடிக்கடி நடப்பதில்லை.

இன்னொரு பலம், நடத்துகிறவர் பார்க்கும் இடம் அதுதான். கமெண்டை மேலே குத்திவைக்கலாம், இதயம் போடலாம், பதில் எழுதலாம். ஒரு தப்பைத் திருத்த வேண்டும் என்றால் அவர் கண்ணில் படுகிற இடத்தில் சொன்னால்தானே ஆகும்.

நமக்குள் பேசுவதற்குத்தான் அது லாயக்கில்லை. வரிசை நம் கையில் இல்லை. "டாப்" என்று யூடியூப் எதை மேலே தூக்குகிறதோ அதுதான் மேலே, நேற்று நாம் எழுதிய பதில் எங்கோ அடியில் கிடக்கும். நிரூபிக்கிறேன் பேர்வழி என்று கமெண்டில் ஓர் இணைப்பை ஒட்டினால் அது ஸ்பாம் வடிகட்டியில் மாட்டிக்கொள்ள நிறைய வாய்ப்பு உண்டு. இந்த மாதிரி தடுக்கப்பட்ட கமெண்ட் சில சமயம் எழுதியவர் கண்ணுக்கு மட்டும் தெரியும், அவர் பாட்டுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே என்று காத்திருப்பார். சந்தேகம் வந்தால் லாகின் இல்லாத ஜன்னலில் திறந்து பாருங்கள். அப்புறம் வழிப்போக்கர்கள். சிலையைப் பற்றி எழுதினால் ஐந்தாவது பதிலில் காவிரி வந்துவிடும், பத்தாவதில் இரண்டு மாநிலத்து ஆட்களும் ஒருவரை ஒருவர் ஊரைவிட்டுப் போகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பெங்களூரில் இருந்துகொண்டு அதைப் படிக்கிறபோது, சும்மா ஒரு தேதியைத் திருத்தப் போனது தப்போ என்று தோன்றிவிடும்.

கேட்கிற இடமும் எழுதுகிற இடமும் வேறாக இருப்பது இன்னொரு சங்கடம். எங்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது பர்ப்பிள் லைன் மெட்ரோவில். ஒயிட்ஃபீல்டில் ஏறினால் மெஜஸ்டிக் வருவதற்குள் ஒரு எபிசோடு முடிந்துவிடும். யூடியூப் ஆப்பில் திரையை அணைத்தால் சத்தமும் நின்றுவிடும், நிற்காமல் ஓடப் பிரீமியம் வேண்டும், 2024 ஆகஸ்டில் தனிநபர் கட்டணம் 129இலிருந்து 149 ரூபாய் ஆனது. அதனால் பலரும் ஆடியோ ஆப்பில் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, யூடியூபைத் திறந்து, அந்த இடத்தைத் தேடிப் பிடித்துக் கமெண்ட் எழுத வேண்டும். எழுத மாட்டார்கள். முதல் வாரம் பதினோரு பேர் எழுதினோம், இரண்டாம் வாரம் நான்கு பேர், அதில் இரண்டு "சூப்பர்".

ஸ்பாட்டிஃபையில் கமெண்ட் வசதி 2024 ஜூலையில் வந்தது. கேட்கிற இடத்திலேயே எழுதலாம் என்பது நல்லதுதான், ஆனால் எங்கள் குழுவில் அதை வைத்திருப்பவர்கள் ஒன்பது பேர், மற்றவர்களை அதற்காக இழுக்க மனம் வரவில்லை.

இந்த நேரக் கணக்கை எவ்வளவு அழகாகச் செய்யலாம் என்பதற்கு ஜப்பானில் நிகோநிகோ என்று ஒரு வீடியோ தளம் இருக்கிறது, 2006இல் தொடங்கியது. யார் எந்த நொடியில் என்ன எழுதினார்களோ அது அந்த நொடியில் திரைக்கு மேலேயே வலமிருந்து இடமாக ஓடும். சீனாவில் பிலிபிலியும் அதே வழி. ஒலிக்கு சவுண்ட்கிளவுடில் இதே மாதிரி, ஒலி அலையின் மேலேயே கமெண்ட் குத்தி நிற்கும். தனியாகக் கேட்கிறபோதும் பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்து உச்சுக்கொட்டுவது போல இருக்கும். நம் ஊரில் பாட்காஸ்டுக்கு இப்படி ஒன்று வந்தால் நான் வேறு எதையும் தேட மாட்டேன். வரவில்லையே.

அடுத்தது வாட்ஸ்அப். இதைக் குறை சொல்வது சுலபம், விடுவதுதான் கஷ்டம். எல்லோர் போனிலும் இருக்கிறது, எல்லோரும் திறக்கிறார்கள், 1024 பேர் வரை ஒரு குழுவில் சேர்க்கலாம், எங்களுக்கு அவ்வளவெல்லாம் தேவையுமில்லை. ஆனால் ஒரே வாய்க்காலில் எல்லாம் ஓடுகிறது. திங்கள் போட்ட எபிசோடைப் பற்றி புதன்கிழமை ஒருவர் ஆரம்பிப்பார், அதற்குள் வேறொருவர் அடுத்த எபிசோடுக்குப் போயிருப்பார், நடுவில் காலை வணக்கம், கே.ஆர். புரம் பாலத்தில் டிராஃபிக் போட்டோ, யாரோ ஒருவருடைய அத்தைக்கு ரத்தம் தேவை. ரத்தம் தேவை என்பதை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழைய பேச்சு தானாக வந்து சேராது, அதனால் கேட்டதையே கேட்பார். நம்பர் எல்லோருக்கும் தெரியும் என்பது இன்னொன்று, குழுவில் இருக்கும் பெண்கள் இதைத்தான் முதலில் சொன்னார்கள், நான் கடைசியில்தான் யோசித்தேன்.

வாய்ஸ் நோட் தொல்லையும் இருக்கிறது. ஏழு நிமிடம், ஒன்பது நிமிடம். பாட்காஸ்டைப் பற்றி இன்னொரு பாட்காஸ்ட். இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்கலாம், கேட்டால் எல்லோரும் சண்டை போடுவது போலவே இருக்கும். வாய்ஸ் நோட்டையே தடை செய்துவிடலாம் என்று நான் ஒரு வாரம் ஒற்றைக்காலில் நின்றேன்.

மர்ஃபி டவுனில் பிறந்து வளர்ந்த ஓர் அக்கா எங்கள் குழுவில் உண்டு. வாய்ஸ் நோட் வேண்டாம் என்று நான் சொன்னதும் அவர் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினார், பதினோரு நொடிதான். "தம்பி, படிக்க வந்தா நான் ஏன் பாட்காஸ்ட் கேக்கப் போறேன்?"

எனக்குச் சுருக்கென்றது. இந்த ஊரில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழர்களில் இது சாதாரணம். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். பேச்சு தண்ணீர் மாதிரி வரும், எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. பஸ் போர்டைக் கன்னடத்தில் படிப்பார்கள், கல்யாணப் பத்திரிகையை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். அவர்களுக்குத் தமிழில் கிடைத்த முதல் வாசிப்பு என்றே பாட்காஸ்டைச் சொல்லலாம், வரலாறு, மருத்துவம், பழைய இலக்கியம் எல்லாம் காது வழியாக வருகிறது. அக்கா வாரத்துக்கு ஆறு எபிசோடு கேட்கிறார், எங்களில் யாரும் அவ்வளவு கேட்பதில்லை. அவரிடம் போய் "கமெண்டில் எழுதுங்க" என்பது எவ்வளவு அபத்தம்! யூடியூப் கமெண்டில் நாம் குரலில் பேச வழியில்லை. ஆக அந்த வழி அவருக்கு மூடியே கிடக்கிறது, படிக்கவும் முடியாது, எழுதவும் முடியாது. எங்கள் குழுவில் அவரைப் போல ஐந்து பேர்.

அதன் பிறகு எந்த ஆப்பைப் பார்த்தாலும் நான் முதலில் பார்த்தது குரலுக்கு இடம் இருக்கிறதா என்பதைத்தான். வாய்ஸ் நோட்டுக்குத் தடை போய் ஒரு வழக்கம் வந்தது. ஒரு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், எந்த எபிசோடு, எத்தனையாவது நிமிடம் என்று சொல்லித்தான் தொடங்க வேண்டும், கேட்கிற முதல் ஆள் அதன் சாரத்தை ஒரு வரி எழுதிக் கீழே போட வேண்டும். அந்த ஒரு வரி பின்னால் தேடுவதற்கு. தேடல் என்று சொன்னதும் இன்னொரு கூத்து நினைவுக்கு வருகிறது. சிலை என்று தமிழில் தட்டியவர்கள், அதையே ஆங்கில எழுத்தில் தட்டியவர்கள், ஸ்டாச்சூ என்று போட்டவர்கள், இந்த மூன்றும் எந்த ஆப்பின் தேடலுக்கும் மூன்று தனித்தனி வார்த்தைகள். சாரத்தைத் தமிழ் எழுத்தில்தான் போட வேண்டும் என்று அதனால்தான் வைத்தோம்.

டெலிகிராம் வருகிறது. தயக்கத்தோடுதான் ஆரம்பித்தேன், ஏனென்றால் டெலிகிராம் என்றாலே திருட்டுப் படம் என்று பாதிப் பேருக்கு நினைப்பு. "என் பையன் பார்த்தா என்ன நினைப்பான்" என்றார் சார். ஆனால் எங்களுக்குத் தேவையான ஒன்று அதில் கச்சிதமாக இருக்கிறது, தலைப்பு பிரிப்பது. ஒரே குழுவுக்குள் தனித்தனி அறைகள் மாதிரி, 2022 கடைசியில் வந்த வசதி. ஒரு எபிசோடுக்கு ஒரு தலைப்பு. சிலைச் சண்டை சிலை அறைக்குள்ளேயே கிடக்கும், பிரியாணிக்காரர்கள் அவர்கள் அறையில். பழைய பேச்சைப் புதியவர்களும் பார்க்கலாம் என்று அமைத்துக்கொள்ளலாம். நம்பர் காட்டாமல் பேசலாம். வாய்ஸ் நோட் உண்டு, நேரில் பேசுவது போல எல்லோரும் சேர்ந்து குரலில் பேசும் வசதியும் உண்டு. பெரிய குழுவென்றால் இரண்டு லட்சம் பேர் வரை தாங்கும், அத்தனை பேர் தமிழ் பாட்காஸ்ட் பேச வரும் நாள் வரட்டும்.

டெலிகிராமில் ஆடியோ கோப்பையே ஏற்றிவிட்டு, அதற்கு ரிப்ளை போட்டு 14:05 என்று எழுதினால் அதுவும் தட்டினால் ஓடும் நேரக் குறி ஆகிவிடும். ஆசையாகத்தான் இருக்கிறது, கோப்பும் இரண்டு ஜிபி வரை ஏறும். ஆனால் செய்யாதீர்கள். அடுத்தவர் எபிசோடை இறக்கி இங்கே ஏற்றினால் நாம் கேட்டது அவர் கணக்கில் வராது. தமிழில் பாட்காஸ்ட் நடத்துகிற பலர் கைக்காசைப் போட்டு நடத்துகிறார்கள், நாம் முப்பது பேர் கேட்பதும் அவர்களுக்கு ஓர் எண்ணிக்கைதான். இணைப்பை மட்டும் பகிர்வது என்று வைத்துக்கொண்டோம். கணினியில் யூடியூபைப் பார்த்தால் வீடியோ மேல் வலது சொடுக்கில் இந்த நொடியிலிருந்து தொடங்கும் இணைப்பை எடுக்கலாம், வெறும் இணைப்பைவிட அதை அனுப்பினால் கேட்கிறவர்கள் இரண்டு மடங்கு என்பது என் கண்ணால் பார்த்தது. ஒன்றரை மணி நேரத்தை யாரும் திறப்பதில்லை, மூன்று நிமிடத்தைத் திறக்கிறார்கள், பிடித்தால் முதலிலிருந்து போகிறார்கள்.

டெலிகிராமின் குறை, புது ஆப். போனில் இருக்கும், திறக்க மறந்துவிடும். இரண்டாவது, பொதுவில் திறந்து வைத்தால் கிரிப்டோ, வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் ஆசாமிகள் வந்து சேருவார்கள், அதனால் தெரிந்தவர் அழைத்தால் மட்டும் என்று பூட்டி வைப்பது நல்லது.

டிஸ்கார்டுக்கு எங்கள் கடைக்குட்டி வக்கீல். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2015இல் கேம் ஆடுகிறவர்களுக்காக வந்தது என்றாலும், குரல் அறை எப்போதும் திறந்தே கிடக்கும், ராத்திரி பத்து மணிக்கு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்து உட்காரலாம், யாரும் மீட்டிங் போட்டு அழைக்க வேண்டியதில்லை. சேர்ந்தே யூடியூப் பார்க்கும் வசதி இருக்கிறது, ஒருவர் நிறுத்தினால் எல்லோருக்கும் நிற்கும். ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு தனி இழை போடலாம். வசதியை மட்டும் வைத்து மார்க் போட்டால் இதுதான் முதல். ஆனால் சர்வர், சேனல், ரோல் என்று அவன் விளக்க ஆரம்பித்ததும் சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். எட்டுப் பேர் சேர்ந்தார்கள், எட்டுப் பேரும் முப்பதுக்குக் கீழே. எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு ராத்திரி கேட்ட எபிசோடுதான் ஆறு வாரத்தில் நடந்த ஆகச் சிறந்த பேச்சு என்று வந்து சொன்னார்கள், நம்புகிறேன், மீதி இருபத்தாறு பேர் அங்கே இல்லை என்பதுதான் பிரச்சினை.

கூகுள் மீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் இலவசக் கணக்கில் ஒரு மணி நேரம்தான், ஜூமில் 40 நிமிடம். எபிசோடே ஒன்றரை மணி நேரம். கேட்டுவிட்டு வந்து பேச மட்டும் என்றால் சரிப்படும், சேர்ந்து கேட்பதற்கு ஆகாது. ரெடிட் எங்கள் ஆட்களுக்கு ஒத்துவரவில்லை, பெயர் தெரியாதவர்கள் ஓட்டுப்போட்டு நம் வரியை மேலேயும் கீழேயும் தள்ளுவது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நேரில் கூடுவதையும் ஒரு வழியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கப்பன் பார்க்கில் சனிக்கிழமை காலையில் ஒரு கூட்டம் விரிப்பு விரித்துப் புத்தகம் படிக்கும், யாரும் யாரிடமும் பேசாமல். பார்த்தவர்களுக்குத் தெரியும். அதைப் பார்த்து வந்த ஐடியாதான், மாதம் ஒரு முறை அல்சூர் ஏரிப் பக்கம் சந்திப்பது, ஆனால் நாங்கள் பேசுவதற்குத்தான் கூடுகிறோம். முதல் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தோம். நாலு மணிக்கு என்று சொல்லி ஐந்தேகாலுக்குத் தொடங்கியது, சில்க் போர்டைத் தாண்டி வருகிறவர்களைக் குறை சொல்ல முடியுமா. சார் எங்களை சிலைக்கு முன்னால் நிறுத்தி பதினெட்டு வருஷக் கதையை முழுவதும் சொன்னார், சாக்குத் துணி சுற்றிக் கிடந்த காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் உள்ளே இருப்பது யார் என்று கேட்பார்களாம். எந்த எபிசோடிலும் அது இல்லை. அக்கா அதை போனில் பதிவு செய்துகொண்டார்.

கடைசியில் இப்படி வைத்துக்கொண்டோம். பேச்சு டெலிகிராமில், எபிசோடுக்கு ஒரு தலைப்பு, முதல் வரியில் யூடியூப் இணைப்பு. எங்கே கேட்டாலும் சரி, நிமிடம் சொல்லும்போது யூடியூப் கடிகாரம்தான் செல்லும். வாட்ஸ்அப் குழுவை மூடவில்லை, வாரம் ஒரு மெசேஜ், இந்த வாரம் இந்த எபிசோடு, பேச இங்கே வாருங்கள் என்று. ரத்தம் தேவை என்றால் அதுவும். நடத்துகிறவரிடம் சொல்ல வேண்டியது இருந்தால் எங்களுக்குள் பேசி முடித்து, ஒரே ஒரு ஆள், இணைப்பு எதுவும் இல்லாமல், நிமிடத்தை முதலில் போட்டு, யூடியூபில் ஒரு கமெண்ட். நஷ்டமும் இருக்கிறது, 34 பேரில் 21 பேர்தான் டெலிகிராமுக்கு வந்திருக்கிறார்கள். சார் வருவதற்கே இரண்டு வாரம் ஆனது, கடைக்குட்டி அல்சூர் மெட்ரோ வாசலில் நின்று அவர் போனில் போட்டுக் கொடுத்தான். மீதிப் பேர் வாட்ஸ்அப் மெசேஜுக்குக் கட்டைவிரல் போடுகிறார்கள், கேட்கிறார்களா தெரியாது.

உங்கள் குழு பத்துப் பேருக்குள் என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம், வாட்ஸ்அப்பே போதும். எல்லோரும் கல்லூரி வயது, லேப்டாப் இருக்கிறது என்றால் டிஸ்கார்டுக்குப் போய்விடுங்கள், எங்களுக்கு வாய்க்காதது உங்களுக்காவது வாய்க்கட்டும். நீங்களே பாட்காஸ்ட் நடத்துகிறவர் என்றால் எடுத்தவுடன் குழு தொடங்க வேண்டாம், கமெண்டில் பதில் எழுதுங்கள், அதே பத்துப் பெயர்கள் திரும்பத் திரும்ப வர ஆரம்பித்ததும் அவர்களைக் கூப்பிட்டு ஒரு குழு போடலாம். காலிக் குழுவில் தனியாக உட்கார்ந்திருப்பது மாதிரி கொடுமை வேறில்லை. அப்புறம் வீடியோ விவரத்தில் நேரம் பிரித்து எழுதுங்கள். முதல் வரி 0:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று பகுதி வேண்டும், அவ்வளவு செய்தால் யூடியூப் தானே அதைத் துண்டுகளாகக் காட்டும். பேசுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

சிலை விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். 1991, 2009, பதினெட்டு வருஷம் என்று மூன்று வரியில் நான்தான் அந்தக் கமெண்டை எழுதினேன், சார் சொல்லச் சொல்ல. மறுநாள் நடத்துகிறவர் நன்றி என்று எழுதி இதயம் போட்டிருந்தார், கீழே விவரத்திலும் திருத்தம் சேர்த்திருந்தார். குழுவில் ஒரே கொண்டாட்டம். அதற்கப்புறம்தான் கவனித்தேன், அல்சூரில் ஒரு ல் விட்டுப்போயிருக்கிறது. உள்ளே போய்த் திருத்திச் சேமித்தேன். யூடியூபில் இதயம் வாங்கிய கமெண்டைத் திருத்தினால் இதயம் போய்விடும். எனக்குத் தெரியாது. சார் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மகனுக்கு அனுப்பலாம் என்று போனால் இதயத்தைக் காணவில்லை.

"ஏம்பா, அசூர்னே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டிருக்கலாம்ல" என்று டெலிகிராமில் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. சரியான தலைப்பில்தான் போட்டிருந்தார்.